முன்னிலை யாருக்கு, முனைப்பு யாருக்கு? அமெரிக்க பிரைமரிக் கணிப்புகளில் எதைப் பார்த்து முடிவெடுப்பது

2024 ஜனவரி 13, சனிக்கிழமை இரவு. கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சியினர் கூடி ஓட்டுப் போடும் அயோவா மாநிலக் காகஸ் கூட்டத்துக்கு இன்னும் இரண்டே நாள். அந்த மாநிலத்தில் எல்லோரும் காத்திருந்து பார்க்கும் டி மாயின் ரெஜிஸ்டர் நாளிதழின் கருத்துக்கணிப்பு வெளியானது. குடியரசுக் கட்சியில் டிரம்ப் 48 சதவீதம், நிக்கி ஹேலி 20, ரான் டிசாண்டிஸ் 16. ஹேலி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார் என்பதே செய்தித் தலைப்பு. அதே கணிப்புக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. நீங்கள் சொன்ன வேட்பாளர்மீது உங்களுக்கு எவ்வளவு உற்சாகம்? டிரம்ப் ஆதரவாளர்களில் 49 சதவீதம் பேர் உச்சபட்ச உற்சாகம் என்று சொன்னார்கள். ஹேலி ஆதரவாளர்களில் அப்படிச் சொன்னவர்கள் 9 சதவீதம்தான். கணிப்பை நடத்திய ஆன் செல்சர், ஹேலியின் பலம் மேலே தெரியும் அளவுக்கு உள்ளே இல்லை என்று அப்போதே எச்சரித்தார்.

திங்கட்கிழமை இரவு எலும்பை உறைய வைக்கும் குளிர். காகஸ் வரலாற்றில் அவ்வளவு குளிரான இரவு இருந்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர்; 2016-இல் வந்தவர்கள் ஏறக்குறைய 1,87,000 பேர். எண்ணி முடித்தபோது டிரம்ப் 51, டிசாண்டிஸ் 21, ஹேலி 19. தலைப்பில் இருந்த வரிசை தவறிப்போனது. உள்ளே இருந்த 9 சதவீதம் சொன்னதுதான் நடந்தது.

இந்தக் கதையை நான் தம்பிக்குச் சொன்னேன். சித்தப்பா மகன், நியூஜெர்சியில் பல வருஷமாக இருக்கிறான், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான். அடுத்த அதிபர் தேர்தலில் தொடக்கத்திலிருந்தே ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "அண்ணே, 2028-க்கு இப்பவே கணிப்பு வர ஆரம்பிச்சிருச்சு. ஒரு மாசம் ஒருத்தர் மேல, அடுத்த மாசம் இன்னொருத்தர் மேல. என்கிட்ட இருக்கிறது கொஞ்சம் காசு, கொஞ்சம் சனி ஞாயிறு. எதைப் பார்த்து யாருக்குக் கொடுக்கிறது?"

யாரைப் பிடிக்கும் என்பது அவன் மனசு; அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் பிடித்தவர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கும்போது, யாருக்கு வாய்ப்பு உண்டு, யாருக்கு நம் உதவி உண்மையில் உதவும் என்று பார்த்தாக வேண்டும். அதற்குக் கைவசம் இருப்பவை இந்தக் கணிப்புகள்தான். அவற்றுக்குள் பல வகை எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை அளக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் ஏமாந்துதான் போவோம்.

முதல் எண்: நாடு முழுக்கக் கேட்கும் முதல் விருப்பம்

'இன்றைக்கே பிரைமரி நடந்தால் யாருக்கு ஓட்டு?' பிரைமரி என்றால் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் ஓட்டெடுப்பு. செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். தேர்தலுக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்டால் வரும் பதில் பெயர்ப் பழக்கத்தின் பதில். 1979-இல் ஜனநாயகக் கட்சியினரிடம் கேட்டபோது, பதவியிலிருந்த ஜிம்மி கார்ட்டரைவிட எட்வர்ட் கென்னடிக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஆதரவு. 1980 ஜனவரியில் அயோவாவில் கார்ட்டர் 59, கென்னடி 31. இடையில் டெஹ்ரான் தூதரகப் பணயக் கைதிகள் விவகாரம் வந்து, நாடு அதிபரின் பின்னால் திரண்டது. 2003-இன் தொடக்கத்தில் அதே கட்சியில் முன்னிலையில் இருந்தவர் ஜோ லீபர்மன். முந்தைய தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் என்பதால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவர் ஒரு மாநிலத்திலும் வெல்லவில்லை. 2007-இல் குடியரசுக் கட்சியில் பெரும்பாலான மாதங்கள் நியூயார்க் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி முன்னிலை. ஃபுளோரிடாவை மட்டும் நம்பிக் காத்திருந்தார், அங்கே மூன்றாவதாக வந்தார், மறுநாளே விலகினார்.

அதற்காக இந்த எண்ணைத் தூக்கி எறியவும் முடியாது. 2015-இல் ஹிலாரி கிளிண்டன், 2019-இல் ஜோ பைடன், 2023-இல் டிரம்ப் ஆகியோர் முன்னிலையில் இருந்தார்கள், கட்சியின் வேட்பாளராகவும் ஆனார்கள். நான் பார்த்தவரை வித்தியாசம் இங்கே இருக்கிறது: எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பாதிக்கு மேல் வாங்குகிறார் என்றால் அது கனமான எண். எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் கால்வாசி வாங்குகிறார் என்றால், தெரிந்தும் முக்கால்வாசிப் பேர் அவரை வேண்டாம் என்கிறார்கள் என்று அர்த்தம். 2019-இன் பைடன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தார். அதனால்தான் அந்த வருஷம் அவ்வளவு குழப்பம்.

தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கற்பனை எண்கள்தான். நூற்றுக்கு 95 பேருக்குத் தெரிந்த ஒருவருக்கு 24 சதவீதம். நூற்றுக்கு 40 பேருக்கே தெரிந்த இன்னொருவருக்கு 12 சதவீதம். தலைப்பில் முதலாமவர் இரு மடங்கு. ஆனால் தெரிந்தவர்களுக்குள் மட்டும் பார்த்தால் முதலாமவரை நாலில் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், இரண்டாமவரைப் பத்தில் மூன்று பேர். தெரியாதவர்களும் தெரிந்தவர்களைப் போலவே முடிவெடுப்பார்கள் என்று உறுதி இல்லை. என்றாலும் யாருக்கு இன்னும் வளர இடம் இருக்கிறது என்பது இந்த வகுத்தலில்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பு என்பார்கள். அதில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுவோர் நானூறு பேர் இருக்கலாம். நானூறு பேர் என்றால் கூடக் குறைய ஐந்து புள்ளி பிழைக்கு இடம் உண்டு. 24-உம் 20-உம் அங்கே ஒன்றுதான்.

நல்லபெயர் எண்

இவரைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் நல்லதா, கெட்டதா, தெரியாதா? இந்தக் கேள்வி முதல் விருப்பத்தைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களை விட வேண்டியதில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்லலாம். 'தெரியாது' என்ற பதில் எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்துவிடும்.

இதுவும் நிலையாக நிற்காது. 2015 ஜூனில் மான்மவுத் பல்கலைக்கழகக் கணிப்பில் குடியரசுக் கட்சியினரிடம் டிரம்புக்கு நல்லபெயர் 20, கெட்டபெயர் 55. அப்போதுதான் போட்டியை அறிவித்தார். அடுத்த மாதமே அது 40-க்கு 41. ஒரே மாதத்தில் அப்படி ஒரு திருப்பம். கட்சியினர் தங்கள் ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டால் பழைய கசப்பு மிக வேகமாகக் கரைகிறது. ஆகவே கெட்டபெயர் அதிகம் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளிவிட முடியாது. மறுபக்கம், ஜூலியானிக்குக் கட்சியினரிடம் நல்லபெயர் தாராளமாக இருந்தது. அது ஓட்டாக மாறவில்லை.

உற்சாகம் என்கிற கேள்வி

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹேலி கதையை மட்டும் கேட்டவர்கள் உற்சாக எண்தான் சரியான எண் என்று நினைத்துக்கொள்வார்கள். தம்பியும் அப்படித்தான் துள்ளினான். எனக்கும் ஒரு காலத்தில் அந்த நம்பிக்கை இருந்தது.

2019 ஜூனில் அதே டி மாயின் ரெஜிஸ்டர் கணிப்பு ஜனநாயகக் கட்சியினரிடம் எடுக்கப்பட்டது. முன்னிலையில் இருந்தவர் பைடன். ஆனால் அவருடைய ஆதரவாளர்களில் உச்சபட்ச உற்சாகம் என்றவர்கள் பத்தில் மூன்று பேருக்குள்தான். மற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்களிடம் அது பத்தில் நாலு. கணிப்பு சொன்னபடியே 2020 பிப்ரவரியில் அயோவாவில் பைடன் நாலாவது இடம். எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஆளுக்கு ஆள் அவருடைய பிரச்சாரத்துக்கு இரங்கல் எழுதிவிட்டார்கள்.

பிப்ரவரி 29, தென் கரோலைனா. பைடனுக்கு ஏறக்குறைய பாதி ஓட்டு. அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுவோரில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். அவர்களில் பத்தில் ஆறு பேர் அவருக்குப் போட்டார்கள். மூன்று நாள் கழித்து, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாயில், 14 மாநிலங்களில் 10 அவருக்கு. உற்சாகமே இல்லாத வேட்பாளர் என்று சொல்லப்பட்டவர், உற்சாகத்தின் உருவமாகச் சொல்லப்பட்ட பெர்னி சாண்டர்ஸைத் தாண்டிப் போனார்.

உற்சாகக் கேள்வி பொய் சொன்னதா? இல்லை. அது அயோவாவைப் பற்றிச் சரியாகச் சொன்னது. காகஸ் என்பது குறித்த இரவில் குறித்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்திலோ தேவாலய மண்டபத்திலோ போய் உட்கார வேண்டிய கூட்டம். வேலை முறை மாற்றிக்கொள்ள வேண்டும், குழந்தையை யாரிடமாவது விட வேண்டும், பனியில் வண்டி ஓட்ட வேண்டும். 2020-இல் அயோவாவில் ஜனநாயகக் கட்சி காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 1,76,000 பேர். தென் கரோலைனா பிரைமரியில் நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் போய் ஓட்டுப் போடலாம். அங்கே விழுந்த ஓட்டு ஐந்தேகால் லட்சத்துக்கு மேல். ஒரு வேட்பாளருக்காகக் குளிரில் நிற்பேன் என்பவர்களின் எண்ணிக்கை காகஸில் செல்லும். பிரைமரியில் சும்மா நல்லவர் என்று நினைப்பவரின் ஓட்டுக்கும் அதே மதிப்புதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. உச்சபட்ச உற்சாகம் என்று தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது ஒரு சுபாவம். இளைஞர்களும், கட்சி வேலை செய்பவர்களும், கல்லூரி படித்தவர்களும் அதைச் சட்டென்று சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க ஓட்டுரிமைக்காகப் போராடி, ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் வரிசையில் நிற்கும் அறுபது வயதுக் கறுப்பினப் பெண்மணி 'பரவாயில்லை, அவர்தான்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அவருடைய ஓட்டு எந்த உற்சாகத்தையும்விட உறுதியானது. 2019 முழுவதும் ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பான்மையோர், தங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முனைப்பு வேட்பாளர்மீது இல்லை, எதிரிமீது இருந்தது. அந்த முனைப்பைக் கேட்கும் கேள்வியை யாரும் உற்சாகம் என்ற தலைப்பில் வைக்கவில்லை.

பொதுத்தேர்தலிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024 ஜூலை 21-இல் பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்ததும் ஜனநாயகக் கட்சியினரின் உற்சாகம் ஒரே தாவாகத் தாவியது. வழக்கத்தைவிட அதிக உற்சாகத்தோடு ஓட்டுப் போடப் போகிறேன் என்றவர்கள் காலப் நிறுவனத்தின் கணிப்பில் மார்ச்சில் 55 சதவீதம், ஆகஸ்டில் 78. குடியரசுக் கட்சியினரிடம் 64. நவம்பரில் வென்றவர் டிரம்ப். உற்சாகமான 78 சதவீதத்தினர் வந்து போட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்கு எத்தனை உற்சாகம் இருந்தாலும் அவருக்கு ஓட்டு ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியும் கூட்டமும் கொட்டும் சில்லறையும்

2019 ஜனவரி 27, ஓக்லாந்து. கமலா ஹாரிஸ் போட்டியை அறிவித்த கூட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். சென்னையில் பிறந்து, பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் அந்த மேடையில் நின்றதைப் பார்த்து என்னைப் போன்றவர்களுக்குத் தொண்டை அடைத்தது உண்மை. ஜூன் 27 விவாதத்தில் பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அடுத்த சில நாளில் வந்த குவின்னிப்பியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20. டிசம்பர் 3-ஆம் தேதி, ஒரு ஓட்டும் விழுவதற்கு முன்பே, விலகிவிட்டார். மருத்துவக் காப்பீட்டில் எங்கே நிற்கிறார் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அதைவிட முக்கியம், அவரைப் பிடித்தவர்களுக்கு அதே போட்டியில் இருந்த எலிசபெத் வாரனையும் பிடித்தது, பீட் பூட்டிஜெஜையும் பிடித்தது, பைடனையும் பிடித்தது. ஒரு விவாதத்தில் வந்தவர்கள் அடுத்த விவாதத்தில் போய்விட்டார்கள். அந்த வருஷம் நம்மவர்கள் பலர் கூட்டத்தையும் ஜூலை மாத எண்ணையும் பார்த்துக் கணக்குப் போட்டோம்; யாருக்கு அவர் மட்டுமே வேண்டும் என்று கேட்க மறந்தோம்.

எலிசபெத் வாரனுக்கும் அதே கதை. 2019 செப்டம்பரில் நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்தில் சுமார் 20,000 பேர், படம் எடுத்துக்கொள்ள நாலு மணி நேர வரிசை. சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் மூன்றாவதாக வந்தார். 2004-இல் ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீனுக்காக நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3,500 தொண்டர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு அயோவாவுக்கு வந்து வீடு வீடாகப் போனார்கள். டீனுக்கு 18 சதவீதம். ஜான் கெர்ரிக்கு 38. வந்த தொண்டர்களின் உற்சாகம் அசலானது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அயோவாவில் ஓட்டு இல்லை. அயோவாவில் ஓட்டு இருந்தவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். குடியரசுக் கட்சியின் ரான் பால் 2007 டிசம்பர் 16-ஆம் தேதி ஒரே நாளில் இணையத்தில் 60 லட்சம் டாலர் திரட்டினார். ஒரு மாநிலத்தையும் வெல்லவில்லை. 2011 ஆகஸ்டில் அந்தக் கட்சி அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடத்திய மாதிரி வாக்கெடுப்பில் முதலில் வந்த மிஷெல் பாக்மன், ஐந்து மாதம் கழித்து அதே அயோவாவில் ஆறாவது. அந்த வாக்கெடுப்பையே பின்னாளில் நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் சில்லறை நன்கொடைக்கு ஒரு தனி வேலை உண்டு. 2019-இல் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாத மேடையில் ஏற இரண்டு வழிகள்: மூன்று கணிப்புகளில் 1 சதவீதம், அல்லது 65,000 பேரிடம் நன்கொடை. தொகை கணக்கில்லை, தலைதான் கணக்கு. ஒரு டாலர் கொடுத்தாலும் ஒரு தலை. அறியப்படாத ஒருவருக்கு மேடை வாங்கிக் கொடுக்க ஒரு சாதாரணக் குடும்பத்தால் முடிந்தது. 2028-க்கு என்ன விதி என்று கட்சி அறிவிக்கும்போது தம்பி முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

தலைவர்களின் ஆதரவு அறிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003 டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் ஆல் கோர் டீனை ஆதரித்தார், பயனில்லை. 2020 பிப்ரவரி 26-இல் தென் கரோலைனாவின் கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார், எல்லாம் மாறியது. கிளைபர்ன் தன் மாநிலத்தில் தன் மக்களிடம் பேசினார். அவ்வளவுதான் வேறுபாடு.

இரண்டாம் விருப்பமும் கட்சி விதியும்

நான் இப்போது மிக அதிகம் மதிக்கும் எண் இதுதான். அதைக் கட்சியின் விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் பயனில்லை.

2016 பிப்ரவரி, தென் கரோலைனா, குடியரசுக் கட்சி. டிரம்புக்கு 32.5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கினர் வேறு யாருக்கோ போட்டார்கள். ஆனால் கட்சி மாநாட்டுக்குப் போய் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே கிடைத்தார்கள். அந்தக் கட்சியில் பல மாநிலங்களில் முதலில் வந்தவர் எல்லாவற்றையும் அல்லது பெரும்பகுதியை அள்ளிக்கொள்வார். எதிரணி நாலாகப் பிரிந்து நிற்கும்போது, மூன்றில் ஒரு பங்கு இறுக்கமான ஆதரவு போதும். அங்கே உற்சாகக் கேள்விக்கு மதிப்பு அதிகம். அந்த மூன்றில் ஒரு பங்கு கலையாமல் இருக்குமா என்பதுதான் விஷயம், டிரம்பின் ஆதரவாளர்கள் கலையவில்லை.

நாலு வருஷம் கழித்து ஜனநாயகக் கட்சியில் சாண்டர்ஸிடம் கிட்டத்தட்ட அதே போன்ற ஆதரவு இருந்தது. இறுக்கமான, கலையாத, சிறு நன்கொடை கொட்டும் ஆதரவு. பிப்ரவரி 22-இல் நெவாடாவில் பெரிய வெற்றி. ஆனால் அந்தக் கட்சியில் பிரதிநிதிகளை விகிதப்படிதான் பிரிப்பார்கள்; 15 சதவீதத்தைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு, தாண்டாதவர்களுக்கு எதுவும் இல்லை. மார்ச் 1-ஆம் தேதி பூட்டிஜெஜ் விலகினார், மறுநாள் ஏமி குளோபுச்சர் விலகினார், இருவரும் பைடனை ஆதரித்தார்கள். அவர்களுடைய ஆதரவாளர்கள் இரண்டாவதாக யாரை நினைத்திருந்தார்களோ அங்கே போனார்கள். பைடன் பிரச்சாரம் செய்யாத மினசோட்டாவிலும் மாசசூசெட்ஸிலும்கூட வென்றார்.

ஒரே அளவு ஆதரவு ஒரு கட்சியில் வேட்பாளராக்கியது, இன்னொரு கட்சியில் இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. ஆகவே 'உங்கள் முதல் ஆள் விலகினால் யாருக்கு?' என்ற கேள்வியும், 'யாரை ஒருபோதும் ஏற்க மாட்டீர்கள்?' என்ற கேள்வியும் ஜனநாயகக் கட்சிக் கணிப்பில் இருந்தால், தம்பி முதலில் அங்கே கண் வைக்கட்டும். குடியரசுக் கட்சியில் யாரையாவது ஆதரிப்பவர் உற்சாக எண்ணை முதலில் பார்க்கட்டும். 2011-12-இல் பெரி, கேன், கிங்ரிச், சாண்டோரம் என்று ஒருவர்பின் ஒருவராக உச்சிக்குப் போய் இறங்க, கால்வாசியில் அசையாமல் நின்ற மிட் ராம்னி வேட்பாளரானதும் உண்டு என்பதால் அங்கேயும் அது முழு விதி ஆகாது. அந்த நாலு பேரின் ஆதரவும் இறுக்கமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்வரிசை மாநிலக் கணிப்புகள்

நாடு முழுக்கக் கேட்பதைவிட, முதலில் ஓட்டுப் போடும் மாநிலத்தில் கேட்பது மேல். அங்கே வேட்பாளர்களை நேரில் பார்த்திருப்பார்கள். 2008 புத்தாண்டையொட்டி வந்த ரெஜிஸ்டர் கணிப்பு ஒபாமா 32, கிளிண்டன் 25, எட்வர்ட்ஸ் 24 என்றது. காகஸுக்கு வருபவர்களில் 60 சதவீதம் பேர் முதல்முறை வருபவர்கள் என்றும் சொன்னது. அது நடக்காது என்று எதிரணியினர் வாதிட்டார்கள். நடந்தது. 2004-இல் சுமார் 1,25,000 பேர் வந்த இடத்தில் ஏறக்குறைய 2,40,000 பேர் வந்தார்கள். உற்சாகம் புதிய ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை. ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் கணிப்புகள் எல்லாம் ஒபாமா முன்னிலை என்றபோது, கிளிண்டன் 39-க்கு 36 என்று வென்றார். கடைசி இரண்டு நாளில் மனம் மாறியவர்களை எந்தக் கணிப்பும் பிடிக்கவில்லை. இத்தனை பாராட்டிய அதே அயோவாக் கணிப்பு 2024 நவம்பரில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றதையும் மறைக்கக் கூடாது. டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார்.

தம்பிக்கு நான் சொன்னது

காசு, நேரம், ஓட்டு. மூன்றும் மூன்று வேறு பொருள், மூன்றுக்கும் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டாம் என்றேன்.

நியூஜெர்சி பிரைமரி வழக்கமாக ஜூனில். அதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். எனவே அவன் ஓட்டைவிட அவன் காசும் நேரமும்தான் எதையாவது நகர்த்தும். காசுக்கு நல்லபெயர் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். தெரிந்தவர்களிடம் நல்லபெயர், தெரியாதவர்கள் ஏராளம், கையில் பணம் குறைவு: இப்படி ஒருவர் அவன் பட்டியலில் இருந்தால், முதல் விவாதத்துக்கு முன் கொடுக்கும் இருபது டாலர் அவருக்குத்தான் மதிப்பு. எல்லோருக்கும் தெரிந்த முன்னணி வேட்பாளருக்கு அந்த இருபது டாலர் கடலில் விழுந்த துளி. அவன் மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். அவளும் கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. கூடவே தங்கியிருக்கும் நண்பன் எச்-1பி விசாவில் இருப்பவன், அவன் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் இல்லாமல் தொண்டனாக வேலை செய்யலாம். இதைத் தெரியாமல் நல்ல எண்ணத்தில் காசு அனுப்பிச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

நேரத்துக்கு உற்சாக எண்ணும் இரண்டாம் விருப்பமும் சேர்ந்து வேண்டும். அவன் ஊரிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் காரில் நாலைந்து மணி நேரம். அங்கே எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம், அதனால் கதவைத் தட்டி மனசை மாற்ற இடம் உண்டு. ஏற்கெனவே உற்சாகத்தில் கொதிக்கும் வேட்பாளருக்குத் தொண்டர் பஞ்சம் இருக்காது. எல்லோரும் 'இவரும் பரவாயில்லை' என்று சொல்லும், ஆனால் யாரும் கூட்டம் போடாத வேட்பாளருக்குத்தான் கதவு தட்ட ஆள் வேண்டும்.

2028-ஐப் பொறுத்தவரை, 2025-இன் தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சிக் கணிப்புகள் பலவற்றில் ஹாரிஸ் முன்னால் இருந்தார்; அந்த வருஷ இறுதிக்குள் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் பலவற்றில் முந்தினார். தொகுதி எல்லைச் சண்டையில் டிரம்போடு மோதி, நவம்பர் 4-இல் தன் மாநில மக்களிடம் வாக்கெடுப்பில் வென்றது அவரைத் தூக்கியது. அந்த ஏற்றத்தில் எவ்வளவு நியூசம்மீதான உற்சாகம், எவ்வளவு சண்டை போட ஒருவர் கிடைத்த நிம்மதி என்பது இன்னும் பிரிந்து தெரியவில்லை. சாண்டர்ஸும் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் 2025 மார்ச்சில் டென்வரில் கூட்டிய முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அசல் உற்சாகம். அங்கே கேட்க வேண்டியது, வராதவர்கள் ஒகாசியோ-கோர்டெஸை இரண்டாவதாகவேனும் ஏற்பார்களா என்பது. குடியரசுக் கட்சியில் 2025 கணிப்புகளில் டிரம்பின் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வெகுதூரம் முன்னால் இருந்தார். அந்த ஆதரவு அவருடையதா, டிரம்பிடமிருந்து கடன் வாங்கியதா என்று உற்சாகக் கேள்விதான் காட்டிக்கொடுக்கும்.

"அப்போ இப்ப எதுவும் பண்ண வேணாமா?" என்று கேட்டான். 2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தல் முடியட்டும், யார் யார் உண்மையில் நிற்கிறார்கள் என்று தெரியட்டும் என்றேன். அவன் மனசில் இரண்டு பேர். ஒருவர் ஊருக்கே தெரிந்தவர். இன்னொருவரைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் 'யார் அது?' என்பார்கள், தெரிந்தவர்கள் நல்லபடியாகச் சொல்வார்கள். இரண்டாமவர் அறிவிக்கும் நாளில் இவன் பெயரிலும் மனைவி பெயரிலும் ஆளுக்கு இருபது டாலர் போவதாக முடிவாயிற்று. சனி ஞாயிறை மட்டும் 2027 இலையுதிர்காலம் வரைக்கும் கையிலேயே வைத்திருக்கிறான், நியூ ஹாம்ப்ஷயர்க் கணிப்பில் இரண்டாம் விருப்பம் வெளியாகும் வரை.